ஜாங்கோவின் அடுத்த பதிப்பிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

பைத்தான் மொழியில் இணையச் செயலிகளைக் கட்டும் சட்டகமான ஜாங்கோவின் அடுத்த பதிப்பில் என்னென்ன வசதிகள் வர வேண்டும் என்று கேட்டு, உங்கள் விருப்பப் பட்டியலையும் கூடவே கொடுத்திருக்கிறீர்கள். மற்ற நிரல்கள் தரவைக் கேட்டுப் பெற உதவும் ரெஸ்ட் ஏ.பி.ஐ. எழுதும் வசதி உள்ளேயே வர வேண்டும், பைத்தான் பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஓ.ஆர்.எம். முழுமையாக அசின்க் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலையைக் கவனிக்கும் முறை) ஆக வேண்டும், பயனர் பெயருக்குப் பதிலாக மின்னஞ்சலைக் கொண்டு உள்நுழைய முடிய வேண்டும், தரவை நிர்வகிக்கும் அட்மின் பக்கத்துக்குப் புதிய தோற்றம் வேண்டும் என்பவை அந்த நான்கு. ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அடுத்த மாதம் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கப் போவதாகவும், இவற்றுக்காகக் காத்திருப்பதா அல்லது இருப்பதை வைத்துக் கட்டத் தொடங்குவதா என்று குழம்புவதாகவும் அங்கே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே என் ஆசைகளை மட்டும் அடுக்காமல், ஓர் ஆசை நியாயமானதா, அது நிறைவேறக் கூடியதா என்பதை நான் எப்படி எடைபோடுகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் என் வரம்பைச் சொல்லிவிடுகிறேன். நிரல் மாறும்போது தரவுத்தள அட்டவணைகளின் அமைப்பையும் மாற்றித் தரும் மைக்ரேஷன் வசதி சட்டகத்துக்குள் வராத 1.4 காலத்திலிருந்து ஜாங்கோவைக் கொண்டு பிழைத்து வருகிறேன். நான் பராமரித்தவை எல்லாம் நடுத்தர அளவுச் செயலிகள். நான்கைந்து சர்வர்கள், பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சில கோடி நிரைகள் கொண்ட இரண்டு மூன்று அட்டவணைகள். ஆரக்கிளோடு வேலை செய்ததில்லை. மைஎஸ்கியூஎல்லோடு பழக்கம் குறைவு. ஜாங்கோவின் மூல நிரலை நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் அதற்கு நான் அளித்த பங்களிப்பு ஆவணங்களில் செய்த சில திருத்தங்களைத் தாண்டாது. எனவே "இது வரும், இது வராது" என்று நான் சொல்லும் இடங்களை, பல பதிப்புகள் வந்துபோனதைப் பார்த்தவனின் கணிப்பு என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வசதியைக் கேட்டாலும் நான் எழுப்பிப் பார்க்கும் முதல் கேள்வி, இதை வெளித் தொகுப்பு ஒன்றால் ஒழுங்காகச் செய்ய முடியுமா என்பதுதான். முடியுமானால் அது வெளியில் இருப்பதே நல்லது. ஜாங்கோவின் வரலாறே இதற்குச் சான்று. சௌத் என்ற வெளித் தொகுப்பாகப் பல ஆண்டுகள் அடிபட்டுத் தேறிய பிறகுதான் மைக்ரேஷன், அதே ஆண்ட்ரூ காட்வினின் கையால் புதிதாக எழுதப்பட்டு, 2014இல் 1.7ஆம் பதிப்பில் உள்ளே வந்தது. 2025 டிசம்பரில் வந்த 6.0இல் சேர்ந்த டெம்ப்ளேட் பார்ஷியல்களும் (பக்க வார்ப்புருவில் பெயரிட்டு மீண்டும் பயன்படுத்தும் துண்டுகள்), உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கைக்கான (எங்கிருந்து வரும் நிரலைப் பக்கத்தில் ஏற்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் விதி) ஆதரவும்கூட முதலில் வெளித் தொகுப்புகளாகப் புழங்கியவைதாம். எதிர்த் திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஜாங்கோவோடு கூடவே வந்த கருத்துரைச் செயலி 1.8இல் நீக்கப்பட்டது, நாட்டுக்கு நாடு மாறும் முகவரிப் படிவங்களைத் தந்த லோக்கல்ஃபிளேவர் அதற்கு முன்பே தனித் தொகுப்பாகப் பிரிந்து போனது. உள்ளே வந்த எதுவும் எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற நடைக்குக் கட்டுப்பட வேண்டும். எதை நீக்குவதானாலும் முதலில் எச்சரிக்கை கொடுத்து, அதன்பின் குறைந்தது இரண்டு பதிப்புகளாவது பொறுத்திருக்க வேண்டும். வேகமாக மாற வேண்டிய ஒன்றுக்கு இந்த நடை ஒரு விலங்காகிவிடும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் ஆசையான ரெஸ்ட் ஏ.பி.ஐ. வெளியிலேயே இருக்கட்டும் என்பேன். இதற்கான வெளித் தொகுப்புகளில் ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் ஒருவிதமாகச் சிந்திக்கிறது, ஜாங்கோ நிஞ்ஜா வேறுவிதமாகச் சிந்திக்கிறது, இரண்டுக்கும் நல்ல காரணங்கள் உண்டு. மையக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே இழுத்துக்கொண்டால் மற்றது வாடும். உள்ளே வந்ததும் வேகம் இழக்கும். ஆனால் உங்கள் ஆசைக்கு அடியில் ஒரு சிறிய, முழுக்க நியாயமான குறை ஒளிந்திருக்கிறது. உலாவிப் படிவத்திலிருந்து வரும் தரவை ஜாங்கோ தானே பிரித்து கோரிக்கைப் பொருளின் போஸ்ட் பண்பில் வைத்துவிடுகிறது. அதே தரவு ஜேசான் என்ற எழுத்து வடிவத்தில் வந்தால் அந்தப் பண்பு காலியாக இருக்கும். கோரிக்கையின் உடலை நாமே எடுத்து, நாமே பிரித்து, பிழையான ஜேசான் வந்தால் தவறான கோரிக்கை என்று பொருள்படும் 400 என்ற பதிலையும் நாமே அனுப்ப வேண்டும். ஜாங்கோ கற்கத் தொடங்கியவர்கள் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து தரவை அனுப்பிவிட்டு, சர்வரில் ஏன் ஒன்றும் வந்து சேரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோரிக்கைப் பொருள் மையத்துக்குச் சொந்தமானது. உள்ளடக்க வகையைப் பார்த்து ஏற்ற பகுப்பானைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை அங்கே செய்தால்தான் கோரிக்கையை இடையில் கையாளும் மிடில்வேர்களும் படிவங்களும் வெளித் தொகுப்புகளும் ஒரே மொழி பேசும். முழு ரெஸ்ட் வசதியைக் கேட்பதற்குப் பதிலாக இதைக் கேட்டால் உங்கள் பக்கம் நிற்பவர்கள் அதிகம் இருப்பார்கள்.

என் பட்டியலில் முதலிடம் வேறொன்றுக்கு. சர்வர்களை நிறுத்தாமல் புதிய நிரலை ஏற்றும்போது மைக்ரேஷன் பாதுகாப்பாக ஓட வேண்டும் என்பதுதான் அது. இதில் நான் சூடு பட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆர்டர் அட்டவணையில் ஒரு புதிய புலத்தைச் சேர்த்தோம். ஆர்டர் எந்த வழியாக வந்தது என்பதைக் குறிக்கும் எழுத்துப் புலம், காலியாக இருக்கக் கூடாது, இயல்பு மதிப்பு "இணையம்". மைக்ரேஷன் கோப்பில் ஒரே ஒரு செயல்தான். சோதனைகள் எல்லாம் பச்சை. வழக்கம்போல் முதலில் மைக்ரேஷனை ஓட்டினோம், அது ஒரு வினாடிக்குள் முடிந்தது. பிறகு நான்கு சர்வர்களையும் ஒவ்வொன்றாகப் புதிய நிரலுக்கு மாற்றத் தொடங்கினோம். முதல் சர்வர் மாறிக்கொண்டிருக்கும்போதே, பழைய நிரல் ஓடிய மற்ற மூன்றிலும் புதிய ஆர்டர் ஒவ்வொன்றும் தோற்றது. அந்த நெடுவரிசையில் வெற்று மதிப்பு வரக் கூடாது என்று தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பிழை அறிவிப்பைப் படித்து, காரணத்தைப் புரிந்துகொண்டு, தரவுத்தளத்தில் நேரடியாக நுழைந்து இயல்பு மதிப்பைக் கையால் வைக்கும்வரை பதினொரு நிமிடங்கள் ஆயின.

நடந்தது இதுதான். இயல்பு மதிப்போடு ஒரு புலத்தைச் சேர்க்கும்போது ஜாங்கோ அந்த மதிப்பை வைத்து நெடுவரிசையைத் தரவுத்தளத்தில் உருவாக்குகிறது. பழைய நிரைகள் எல்லாவற்றிலும் அந்த மதிப்பு இருக்கும். உடனே அடுத்த கட்டளையில் தரவுத்தளத்தின் இயல்பு மதிப்பை நீக்கிவிடுகிறது. இனி வரும் நிரைகளுக்கு மதிப்பைத் தருவது பைத்தான் நிரலின் பொறுப்பு என்பது அதன் கணக்கு. புதிய நிரலுக்கு அந்தப் பொறுப்பு தெரியும், பழைய நிரலுக்கு அப்படி ஒரு நெடுவரிசை இருப்பதே தெரியாது. புதிய அட்டவணை மேல் பழைய நிரல் ஓடும் அந்தச் சில நிமிடங்களை எந்தச் சோதனையும் தொடுவதில்லை. சோதனைகள் எப்போதும் புதிய நிரலைப் புதிய அட்டவணையோடுதான் சேர்த்து ஓட்டுகின்றன. 2023 டிசம்பரில் வந்த 5.0இல் டிபி_டிஃபால்ட் என்ற வசதி சேர்ந்த பிறகு இதற்கு நேரான தீர்வு கிடைத்துவிட்டது. அதில் குறிப்பிடும் மதிப்பு தரவுத்தளத்திலேயே தங்கும். ஆனால் நாம் கேட்டால்தான் கிடைக்கும். பழைய பாணியில் எழுதினால் இன்றும் அதே பள்ளத்தில் விழலாம், ஜாங்கோ ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

புலத்தை நீக்குவது இன்னும் மோசம். ஓ.ஆர்.எம். ஒரு நிரையைப் படிக்கும்போது மாடலில் உள்ள எல்லா நெடுவரிசைகளையும் பெயர் சொல்லிக் கேட்கும். எனவே நெடுவரிசையை நீக்கிய நொடியிலிருந்து பழைய நிரலின் ஒவ்வொரு வாசிப்பும் "அப்படியொரு நெடுவரிசை இல்லை" என்று முறியும். இதைச் சரியாகச் செய்ய மூன்று கட்டங்கள் வேண்டும். முதலில் அந்த நெடுவரிசை காலியாக இருக்கலாம் என்று தளர்த்த வேண்டும். அடுத்து, தரவுத்தளத்தைத் தொடாமல் மாடலின் நிலையிலிருந்து மட்டும் புலத்தை எடுத்துவிட்டுப் புதிய நிரலை எல்லா சர்வர்களுக்கும் அனுப்ப வேண்டும். கடைசியாக, வேறொரு நாளில், நெடுவரிசையை உண்மையாக நீக்க வேண்டும். நடுக் கட்டத்துக்கு செப்பரேட் டேட்டாபேஸ் அண்ட் ஸ்டேட் என்ற செயல் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் குழுவுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். தெரிந்தவரும் ஒவ்வொரு முறையும் மைக்ரேஷன் கோப்பைக் கையால் திருத்த வேண்டும்.

இதனால் நான் கேட்பது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு மைக்ரேஷனும் நிரலுக்கு முன்பு ஓட வேண்டியதா, பின்பு ஓட வேண்டியதா என்ற குறிப்பைத் தாங்க வேண்டும். மைக்ரேட் கட்டளை அந்தக் குறிப்பை மதித்து ஒரு பகுதியை மட்டும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, மாடலில் ஒரு புலத்தை "விடைபெறுகிறது" என்று குறிக்க வழி வேண்டும். அப்படிக் குறித்தால் ஓ.ஆர்.எம். அதைப் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன மூன்று கட்டங்களையும் தானே தனித்தனி மைக்ரேஷன்களாக எழுதித் தர வேண்டும். ஆபத்தான மைக்ரேஷன்களைச் சுட்டிக்காட்டும் வெளித் தொகுப்புகள் இன்றும் உள்ளன, நானும் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அவற்றால் எச்சரிக்க முடியும். மாடலின் நிலையைக் கணக்கிட்டு மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் பகுதியும், எந்த நெடுவரிசைகளைக் கேட்பது என்று முடிவு செய்யும் பகுதியும் மையத்துக்குள் இருப்பதால் அதற்கு மேல் அவற்றால் போக முடிவதில்லை. வெளியில் செய்ய முடியாது என்ற என் அளவுகோலில் இவ்வளவு தெளிவாகத் தேறும் ஆசை வேறொன்று என்னிடம் இல்லை.

இதோடு ஒட்டிய சிறிய ஆசைகளும் உண்டு. இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் மைக்ரேட் கட்டளையை ஓட்டினால் ஜாங்கோ அதைத் தடுப்பதில்லை; ரூபி மொழியின் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸ் 2016இல் வந்த 5.0 முதலே இதற்குத் தரவுத்தளப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. அதேபோல், போஸ்ட்கிரெஸில் அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகளில் பெரும்பாலானவை முழு அட்டவணையையும் பூட்டக் கேட்கும். அந்த நேரத்தில் இருபது நிமிட அறிக்கை ஒன்று அதே அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தால் கட்டளை காத்திருக்கும். அதற்குப் பின்னால் வரும் சாதாரண வாசிப்புகளும் வரிசையில் நின்றுவிடும். தளம் முடங்கியதற்கு மைக்ரேஷன் மெதுவாக ஓடியது காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது ஓடவே தொடங்கியிருக்காது. பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற அமைப்பு போஸ்ட்கிரெஸில் இருக்கிறது, ஆனால் இயல்பாக அதற்கு எல்லையே கிடையாது. மைக்ரேட் கட்டளையில் ஐந்து வினாடி என்று ஒரு எல்லையைக் கொடுத்து, கிடைக்காவிட்டால் பின்வாங்கி மீண்டும் முயலச் சொல்லும் வசதி பெரிய வேலையாகத் தோன்றவில்லை. மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை மாற்றங்களை, முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் தொகுதியான டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துத் திரும்பப் பெற முடியாது என்பதால் அங்கே இந்த மறுமுயற்சியை வேறுவிதமாக வடிவமைக்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் எனக்குக் குறைவு என்பதால் அதற்குள் நுழையவில்லை.

அடுத்தது, ஜாங்கோ எழுதும் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொண்ட சிக்கல். நூறு ஆர்டர்களை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயரையும் வார்ப்புருவில் காட்டினால், பெயருக்கு ஒன்றாக இன்னும் நூறு வினவல்கள் சத்தமில்லாமல் ஓடும். தொடர்புடைய தரவை முன்கூட்டியே எடுக்கும் செலக்ட்_ரிலேட்டட், பிரிஃபெட்ச்_ரிலேட்டட் என்ற மருந்துகள் பழையவை. நோய் இருப்பது தெரிந்தால்தான் மருந்து பயன்படும் என்பதுதான் குறை. ரெயில்ஸ் 2020இல் வந்த 6.1இலேயே இத்தகைய சோம்பேறி வாசிப்பைத் தடைசெய்யும் வழியைத் தந்தது. பி.எச்.பி. மொழியின் சட்டகமான லாராவெலும் அடுத்த ஆண்டு அதைச் செய்தது. ஜாங்கோவிலும் இப்போது விடிவு தெரிகிறது. 6.1க்கான வளர்ச்சிக் கிளையில் ஃபெட்ச் மோடு என்ற வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன்படி ஒரு பொருளின் தொடர்புடைய தரவைத் தொட்டதும், கூடவே வந்த மற்ற எல்லாப் பொருள்களுக்குமான தரவையும் ஒரே வினவலில் எடுத்துவிடலாம், அல்லது அப்படித் தொடுவதையே பிழையாக்கிவிடலாம். என் ஆசை அதற்கு ஒரு படி மேலே: திட்டம் முழுமைக்கும் ஒரே வரியில் இதை அமைக்க வழி வேண்டும், புதிய திட்டங்களில் சோதனை ஓட்டத்தின்போது பிழை எழுப்புவதே இயல்பாக இருக்க வேண்டும். இயல்பு அமைப்பை மாற்றுவது மையத்தால் மட்டுமே ஆகும். இது நடக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பழைய திட்டங்களின் நடத்தையை மாற்றும் எதையும் ஜாங்கோ குழு மிகத் தயங்கித்தான் தொடும், அந்தத் தயக்கத்தால்தான் பத்து வருடத்துக்கு முந்தைய நிரலை என்னால் இன்றும் மேம்படுத்த முடிகிறது.

பயனரைக் காக்க வைக்காமல் வேலைகளைப் பின்னால் ஓட்டுவதற்காக 6.0இல் வந்த பின்னணிப் பணி வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதைப் பற்றி அதிகமாக எதிர்பார்க்கிறார்கள். ஒரு செயற்கூறைப் பணி என்று அறிவித்து வரிசையில் சேர்க்கும் பொது இடைமுகம் வந்திருக்கிறது. ஆனால் கூடவே வருபவை இரண்டே பின்புலங்கள். ஒன்று பணியை அந்த இடத்திலேயே உடனே ஓட்டிவிடும். மற்றது ஓட்டாமல் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டும் மேம்பாட்டுக்கும் சோதனைக்கும் ஆனவை. உண்மையான வரிசையும் அதை ஓட்டும் வேலையாள் நிரலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை; இடைமுகம் ஒன்றாகிவிட்டால் தொகுப்பு எழுதுபவர்கள் செலரி என்ற பணி வரிசைத் தொகுப்புக்கு ஒருமுறை, இன்னொன்றுக்கு ஒருமுறை என்று தனித்தனியாக எழுதத் தேவையில்லை. ஆயினும் தரவுத்தளத்தையே வரிசையாகப் பயன்படுத்தும் எளிய வேலையாள் ஒன்றை உள்ளேயே வைத்தால், மின்னஞ்சல் அனுப்புவதற்காக மட்டும் ரெடிஸ் என்ற தனித் தரவுக் கிடங்கை நிறுவிப் பராமரிக்கும் சிறு குழுக்கள் பிழைக்கும்.

அந்த இடைமுகத்தில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. டிரான்சாக்‌ஷனுக்குள் ஓர் ஆர்டரைச் சேமித்து, அடுத்த வரியில் அதன் எண்ணைக் கொடுத்து "ரசீது அனுப்பு" என்ற பணியை வரிசையில் போடுகிறோம் என்று வையுங்கள். வரிசை ரெடிஸ் போன்ற வேறோர் இடத்தில் இருந்தால், டிரான்சாக்‌ஷன் முடிவதற்குள் வேலையாள் அந்தப் பணியை எடுத்துவிடலாம். தேடிப் பார்த்தால் அப்படியோர் ஆர்டரே அவனுக்குத் தெரியாது. உங்கள் கணினியில் ஒருமுறைகூட நிகழாது, பளு கூடிய நாளில் சர்வரில் மட்டும் நிகழும். டிரான்சாக்‌ஷன் முடிந்த பின் ஓடும் ஆன்_கமிட் கொக்கியில் பணியைச் சேர்ப்பதே சரியான முறை என்று ஆவணம் சொல்கிறது. ஆவணம் படித்தவர் தப்பிப்பார், படிக்காதவர் மாட்டுவார் என்ற நிலையைவிட, டிரான்சாக்‌ஷன் முடியும்வரை பொறுத்திருப்பதே இயல்பாகவும், உடனே சேர்ப்பது கேட்டுப் பெறுவதாகவும் இருந்தால் நல்லது. மாற்றுக் கருத்தும் வலுவானதே: தரவுத்தளமே வரிசையாக இருக்கும்போது பணியும் ஆர்டரும் ஒரே டிரான்சாக்‌ஷனில் சேர்வதுதான் பாதுகாப்பு, அங்கே பொறுத்திருப்பது நன்மையைக் கெடுத்துவிடும்.

உங்கள் இரண்டாவது ஆசையான முழு அசின்க் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. 2019 டிசம்பரில் வந்த 3.0இல் அசின்க் சர்வரோடு பேசும் ஏ.எஸ்.ஜி.ஐ. இடைமுகத்துக்கான ஆதரவும், 3.1இல் அசின்க் வியூக்களும் (கோரிக்கைக்குப் பதில் தரும் செயற்கூறுகள்), 4.1இல் பெயருக்கு முன் "ஏ" சேர்த்த ஓ.ஆர்.எம். முறைகளும் வந்தன. ஆனால் அந்த முறைகள் உள்ளுக்குள் பழைய ஒத்திசைவு நிரலையே வேறோர் இழையில் (த்ரெட்) ஓட்டிப் பதிலைக் கொண்டுவருகின்றன. தரவுத்தளத்தோடு பேசும் அடிப்பகுதி இன்னும் அசின்க் ஆகவில்லை. டிரான்சாக்‌ஷன்கள் அசின்க் நிரலில் நேரடியாக இயங்குவதில்லை, அவற்றை ஒத்திசைவுச் செயற்கூறு ஒன்றில் அடைத்துத்தான் அழைக்க வேண்டும். இனி வருவது என் கருத்து. ஒரு வியூ வெளியிலுள்ள நான்கைந்து சேவைகளைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்றால் இன்றைய அசின்க் வசதியே நல்ல பலன் தரும். வியூவின் பெரும் பகுதி நேரம் தரவுத்தளத்தில் போகிறது என்றால், முழு அசின்க் வந்தாலும் தரவுத்தளம் வேகமாகிவிடப் போவதில்லை. அங்கே உங்களுக்குத் தேவைப்படுவது தேடலை வேகமாக்கும் ஒரு இண்டெக்ஸாக இருக்கலாம். அடிப்பகுதி முழுவதையும் இரண்டு வடிவில் எழுதிப் பராமரிப்பது ஊதியம் பெறும் சிலரையும் பல தன்னார்வலர்களையும் நம்பி நடக்கும் ஒரு குழுவுக்கு மலையளவு வேலை. அடுத்த இரண்டு பதிப்புகளில் அது முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்காகக் காத்திருக்கவும் மாட்டேன்.

அட்மின் தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது உள்ளிருக்கும் பணியாளர்களுக்கான கருவி. தோற்றத்தை மாற்றும் வெளித் தொகுப்புகள் தாராளமாக இருக்கின்றன. வாடிக்கையாளர் கண்ணில் படும் பக்கமாக அட்மினை மாற்ற முயன்ற திட்டங்கள் சிலவற்றை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தனி வியூக்களை எழுதுவதே கடைசியில் குறைந்த வேலையாக முடிந்தது.

நிகழ்தகவைப் பொறுத்தவரை ஒன்று: கால அட்டவணை உறுதியானது, உள்ளடக்கம் உறுதியற்றது. எட்டு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில் 6.1 2026 ஆகஸ்டுக்கும், நீண்டகால ஆதரவு பெறும் 6.2 2027 ஏப்ரலுக்கும் குறிக்கப்பட்டிருக்கின்றன. குறித்த தேதிக்குள் தயாராகாத வசதி அடுத்த பதிப்புக்குப் போகும். வசதிக்காகத் தேதி தள்ளிப்போவது அரிது. 2025 ஏப்ரலில் வந்த 5.2க்கு 2028 ஏப்ரல்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். புதிய திட்டம் என்றால் நான் 6.0இல் தொடங்கி ஒவ்வொரு பதிப்பாக ஏறிப்போய் 6.2இல் நிலைகொள்வேன், மேம்படுத்த ஆளும் நேரமும் இல்லாத குழு என்றால் 5.2இலேயே தொடங்கச் சொல்வேன். உங்கள் ஆசைகளைக் குழுவிடம் கொண்டுபோக விரும்பினால், வசதியின் பெயரோடு போகாமல், அது இல்லாததால் நீங்கள் எழுத வேண்டியிருந்த நிரலோடு போங்கள். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் புதிய வசதிகளுக்கென்றே ஜாங்கோவின் தனிக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது, அங்கே எடுபடுவது அத்தகைய விளக்கம்தான்.

மின்னஞ்சல் உள்நுழைவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஜாங்கோவின் இயல்பான பயனர் மாடலில் பயனர் பெயர் கட்டாயம். மின்னஞ்சல் காலியாக இருக்கலாம், இருவருக்கு ஒன்றாகவும் இருக்கலாம். சொந்தப் பயனர் மாடலை வைத்துக்கொள்ளும் வழி 2013இல் வந்த 1.5 முதலே இருக்கிறது, புதிய திட்டங்களுக்கு அதையே ஆவணமும் பல ஆண்டுகள் வற்புறுத்திச் சொல்லி வந்தது. ஆனால் திட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்பிராஜெக்ட் கட்டளை அதைச் செய்து தருவதில்லை. ஆவணம் அப்படி வற்புறுத்திய ஒன்றை அதன் சொந்தக் கட்டளையே செய்யாமல் விடுவது எனக்கு எப்போதும் வியப்பு. அந்தக் கட்டளை ஒரு காலிப் பயனர் மாடலை எழுதி வைத்தால் போதும், சில வரிகள்தான். அது வரும்வரை இதை மட்டும் நீங்களே செய்துகொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் மற்ற மூன்றையும் ஓராண்டு கழித்துச் சேர்த்தாலும் பெரிய நட்டமில்லை. பயனர் மாடலை அப்படி நடுவில் மாற்ற முடியாது. அட்டவணைகள் உருவாகிவிட்டால் பயனரைச் சுட்டும் ஒவ்வொரு அயல் திறவுகோலையும் கையால் திருத்த வேண்டி வரும், அதற்குத் தானியங்கி வழி கிடையாது. எனவே அடுத்த மாதம் திட்டக் கோப்புறையை உருவாக்கியதும், மைக்ரேட் கட்டளையை முதல் முறை தட்டுவதற்கு முன்பே, ஜாங்கோவின் அப்ஸ்ட்ராக்ட் யூசரிலிருந்து உங்கள் பயனர் மாடலைப் பிறப்பித்து, மின்னஞ்சல் தனித்துவமானது என்று குறித்து, உள்நுழைவுக்குரிய புலமாக அதையே அறிவித்து, கட்டாயப் புலங்களின் பட்டியலில் மின்னஞ்சலுக்குப் பதிலாகப் பயனர் பெயரை வைத்து, அமைப்புக் கோப்பில் அந்த மாடலின் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.